மேஸ்திரியின் இடது கன்னம்

மேஸ்திரி இரண்டு விரலை மடக்கி நாக்கின்மேல் வைத்துச் சீட்டி அடித்தால், பெண்ணையாற்றின் அக்கரையில் மாடு மேய்க்கிறவன் தலையைத் திருப்புவான். கன்னம் இரண்டும் பன்னைப் போல உப்பும். கழுத்து நரம்பு புடைக்கும். கரும்புக் கொல்லைக்குள் நின்று வெட்டுகிறவனுக்கு முன்னால் இருப்பவன் முகம் தெரியாது. ஆகாயம்கூடக் கரும்பின் காய்ந்த இலையான சோகையின் இடுக்கில் துண்டு துண்டாகத்தான் தெரியும். அவர் சீட்டிதான் எங்களுக்குக் கடிகாரம். கஞ்சிக்கு நீளமாக ஒன்று, டிராக்டர் வந்து நின்றால் குட்டையாக இரண்டு, பாம்பைக் கண்டால் விடாமல். ஒரு வெட்டுக் காலத்தில் அந்தச் சீட்டி கெட்டது. முதலில் வெறும் காற்றாக வந்தது. பிறகு ஒரு நாள், வரப்பில் நின்றபடி அவர் விரலை வாய்க்குக் கொண்டுபோனதையும், விரல் பல்லில் இடித்து நின்றதையும், யாராவது பார்த்தார்களா என்று அவர் திரும்பிப் பார்த்ததையும் நான் பார்த்தேன். கையை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டு, "ஏய், வாங்கடா கஞ்சிக்கு" என்று கத்தினார். கத்தலும் பாதி வாயிலேயே நின்றது.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், என் வாயும் மூடிக்கொண்டு வருவதுதான் காரணம். மேஸ்திரிக்கு வந்த அதே இடது கன்னத்தில், அதே கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, எனக்கும் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. நாக்கு சும்மா இருக்கிற நேரமெல்லாம் அங்கே போய்த் தடவிக்கொண்டிருக்கிறது. தூங்கும்போது மட்டும் மறந்திருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் பயம். நான் அதிகம் படித்தவன் இல்லை. மணலூர்பேட்டைப் பக்கம் எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவன். கரும்பு வெட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், திருப்பூரில் சாயப் பட்டறையில் நின்றேன், ஓசூரில் கட்டடத்துக்கு ஜல்லி சுமந்தேன். எந்த ஊரிலும் வேர்விட்டது கிடையாது. அலைச்சலில் எத்தனையோ முதலாளிகளின் முகம் மறந்துவிட்டது. மேஸ்திரியின் வாயை மட்டும் மறக்க முடியவில்லை. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால், எனக்கு என்ன வரலாம் என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

மேஸ்திரி ஆள் சேர்த்து நடத்திய எங்கள் செட்டு, மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டியது. எந்தக் கொல்லைக்கு வெட்டு உத்தரவு வருகிறதோ அந்த ஊருக்குச் சட்டி பானையோடு போய், களத்துமேட்டில் சோகையால் குடிசை போட்டுத் தங்குவோம். ஆணும் பெண்ணும் ஜோடியாக வேலை செய்வார்கள். ஆண் அடியில் வெட்டிச் சாய்க்க, பெண் சோகை கழித்துக் கட்டுவாள். ஜோடியில்லாத நான் மேஸ்திரிக்கும் அவர் மனைவிக்கும் பின்னால் கட்டுச் சுமந்தேன். மேஸ்திரியின் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாத பெண். கரும்போடு பேசுவாள், கத்தியோடு பேசுவாள், ஆள் கிடைத்தால் விடவே மாட்டாள்.

விடிந்ததும் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேஸ்திரி வரப்பில் குந்தி, இடது உள்ளங்கையில் புகையிலையைக் கிள்ளிப் போட்டு, பாக்குத் தூள் கலந்து, டப்பியிலிருந்து சுண்ணாம்பை நகத்தால் எடுத்துத் தடவி, வலது கட்டைவிரலால் தேய் தேயென்று தேய்ப்பார். பிறகு கையை நீட்டுவார். ஆணும் பெண்ணும் ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்ட பிறகுதான் கத்தியைத் தொடுவோம். எடுத்தால் அவன் செட்டில் ஒருவன். எடுக்காவிட்டால் மேஸ்திரியோடு ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். அதை அதக்கினால் பசி தெரியாது. பனியில் நனைந்த சோகை கையைக் கிழிப்பதுகூடப் பாதிதான் உறைக்கும். வெயில் ஏறிக் கஞ்சி வருகிற வரைக்கும் அதுதான் எங்களுக்குச் சாப்பாடு. கொல்லைக்குள் துப்பவும் கூடாது. "சக்கர ஆவுற பொருளுடா இது. எவனாவது துப்பினீங்க, பல்ல ஒடச்சிடுவேன்" என்பார் மேஸ்திரி. ஆகவே அந்தச் சாறு முழுவதையும் விழுங்குவோம். புதிதாக வந்தவனுக்குத் தொண்டை காந்தும், தலை சுற்றும். சில நாளில் பழகிவிடும். எனக்கும் அப்படித்தான் பழகியது.

அவருக்கு ஏதோ ஆகிறது என்று முதலில் கண்டுபிடித்தது அக்காதான். அதுவும் ஒரு சண்டையில். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வழக்கமாக அரைக்கிற மிளகாய்த் துவையல்தான். ஒரு நாள் அதை நாக்கில் வைத்ததும் மேஸ்திரிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தட்டைத் தள்ளிவிட்டார்.

"இன்னாத்துக்கு மூஞ்சிய சுளிக்கிற? எம்மொளகா இன்னிக்கிதான் புதுசா காரமாப் போச்சா?" என்றாள் அக்கா.

"ரெண்டு மொளகாயக் கம்மி பண்ணா உன் சொத்து போய்டுமா?"

"எனுக்கு இன்னா சொத்து கீது, உன் வாயத் தவிர? அத்த வச்சிதான ஊரையே மேய்ச்சிக்கினு கீற."

எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவருக்குக் களி உருண்டை பாதியானது. பாதி கால் ஆனது. கொஞ்ச நாளில் கரைத்த கஞ்சி மட்டும்தான். பெரிய வாயாகத் திறந்து களியை விழுங்குகிறவர், டம்ளரின் விளிம்பை உதட்டில் வைத்து உறிஞ்சினார். செட்டில் ஒருவன், "அக்கா மேஸ்திரி வாய்க்குப் பூட்டு போட்டுட்டாங்கடா" என்பான். இன்னொருவன், "சாவி யார்கிட்டடா?" என்பான். "பொயில டப்பாவுல கீது, தேடிப் பாரு" என்று மேஸ்திரியே பதில் சொல்வார். தன்னைப் பற்றிய கேலியில் தானே சேர்ந்துகொள்கிற ஆள் அவர். நாங்கள் பயப்படாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு மத்தியானம், டிராக்டர் வராமல் எல்லோரும் வேப்பமரத்தடியில் படுத்திருந்தபோது, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டேய், ஒனக்கு நல்லா கண்ணு தெரியுமில்ல? இத்தக் கொஞ்சம் பாரு" என்று, இடது கடைவாயைக் கட்டைவிரலால் இழுத்துக் காட்டினார். வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பார்த்தேன். உள்கன்னம் சிவப்பாக இல்லை. வெந்த முட்டையைப் போல வெளுத்து, உள்ளே நார் ஓடினதுபோல இறுகியிருந்தது. கடைவாய்ப் பல்லுக்கு எதிரே ஒரு பள்ளம். பள்ளத்தைச் சுற்றி வரப்பு மாதிரி தடித்திருந்தது. புகையிலை வாடையைத் தாண்டி வேறொரு வாடை வந்தது. செத்த எலி சோகைக்கடியில் கிடந்தால் வருமே, அந்த வாடை. நான் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"வலிக்குதுங்களா மேஸ்திரி?"

"அதான்டா ஆச்சரியம். வலியே இல்ல. வலிச்சாத்தான நோவு?"

அந்தச் சொல் என்னையும் தேற்றியது. வலிக்காத புண்ணைக் கண்டுதான் பயப்பட வேண்டும் என்பது அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. செட்டு கூடிப் பேசி, சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று முடிவு செய்தது. வாய் வெந்தால் சுண்ணாம்புதானே காரணமாக இருக்க முடியும்? தேங்காயை மென்று அதக்கச் சொன்னார்கள். தேங்காய் எண்ணெய் தடவினார்கள். மேஸ்திரி அன்றோடு சுண்ணாம்பை விட்டார். அவருக்காகச் செட்டே விட்டது. டப்பியைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தார்கள். சுண்ணாம்பு இல்லாமல் புகையிலை ஏறவில்லை. அதனால் சிட்டிகை பெரிதானது, பாக்குத் தூளும் கூடியது. இரவில்கூட அதக்கிக்கொண்டு படுத்தார். யாராவது புண்ணைப் பற்றிக் கேட்டால், "சுண்ணாம்ப வுட்டுட்டேன்டா, இனிமே ஆறிடும்" என்று பெருமையாகச் சொல்வார். குற்றமற்றதைத் துரத்திவிட்டு, குற்றவாளிக்கு வீட்டில் கூடுதலாக இடம் கொடுத்தோம்.

அடுத்ததாகக் காது வலி வந்தது. வாயில் இல்லாத வலி காதில் வந்தால் யார் வாயைப் பார்ப்பார்கள்? பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அக்கா வெதுவெதுப்பாகக் காதில் ஊற்றினாள். துண்டைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வெட்டினார். தாடைக்குக் கீழே ஒரு கட்டி திரண்டது. "நெறி கட்டிக்கினு கீது, காது வலில வர்றது" என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எங்களிடம் தயாராக இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க மட்டும் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில் வெட்டுக்கு ஆள் போதாமல், கல்வராயன் மலையிலிருந்து ஆள் கூட்டிவர மேஸ்திரி கிளம்பினார். துணைக்கு என்னை அழைத்துக்கொண்டார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் காதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு வளைவில் ஜன்னல் வழியாகத் துப்பினார். காற்றில் அது பின்னால் திரும்பி என் முழங்கையில் விழுந்தது. புகையிலைச் சாறு என்று துடைத்தேன். துடைத்த துண்டில் சிவப்பாக இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தொடங்கிய பயம்தான் இது. இன்னும் முடியவில்லை.

மலையில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். வருஷா வருஷம் ஆள் சேர்த்துக் கொடுப்பவர். சாமைச் சோறும் கீரையும் போட்டார். மேஸ்திரி இரண்டு பருக்கையைப் பல்லிடுக்கில் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். கூட்டாளி எழுந்து போய்ச் சோற்றைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் பக்கம் எதற்கும் கடுக்காய்தான். கடுக்காயைத் தட்டிப் போட்ட தண்ணீரைக் கொப்பளிக்கக் கொடுத்தார். கொப்பளித்துத் துப்பியது முற்றத்து மண்ணில் சிவப்பாக ஊறியது. கூட்டாளி காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார்.

"அண்ணே, இது கடுக்காய்க்கு அடங்குற விஷயமில்லண்ணே. கீழ பெரியாஸ்பத்திரிக்குப் போய்டுங்க."

"போனா கத்தி வப்பான்."

"வச்சா வைக்கட்டும்."

"எங்க சித்தப்பனுக்கு வச்சாங்கப்பா. வச்ச மறு மாசமே போய்ட்டான். கத்தி பட்டா பரவிடும். வுட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்."

மலை இறங்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நானும் நம்பினேன். அவருடைய சித்தப்பா எத்தனை நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. முற்றிப்போன பிறகு போகிறவர்கள் கத்திக்குப் பிறகு சாகிறார்கள். பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் கத்திதான் தெரிகிறது. அதைப் பார்த்து அடுத்தவன் இன்னும் தாமதிக்கிறான். இது சுற்றிச் சுற்றி நடக்கிறது.

மலையிலிருந்து வந்த ஆட்கள்தான் பேச்சைக் கொண்டுவந்தார்களா, டிராக்டர் ஓட்டுநர் சொன்னாரா, தெரியாது. மேஸ்திரிக்கு வந்திருப்பது "அந்த நோவு" என்று செட்டுக்குள் பரவியது. பெயரை யாரும் சொல்லவில்லை. அது தொத்திக்கொள்ளும் என்றும் கூடவே பேச்சு வந்தது. எச்சில் டம்ளரில் தொத்தும், விரலில் தொத்தும், ஒரே குடத்துத் தண்ணீரில் தொத்தும். மறுநாள் காலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வழக்கம்போல வரப்பில் குந்தித் தேய்த்தார். கையை நீட்டினார். ஒருவரும் வரவில்லை. ஒருவன் கத்தியைத் தீட்டினான். ஒருத்தி முந்தானையை அவிழ்த்துக் கட்டினாள். "நம்மகிட்ட பாக்கெட்டு கீது மேஸ்திரி" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். பிறகு ஒவ்வொருவராக மடியிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் தங்கள் தங்கள் பொட்டலத்தை எடுத்தார்கள். அதே புகையிலை. அதே பாக்கு. சொந்தக் கையில் தேய்த்து, சொந்தக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, தப்பித்த நிம்மதியோடு கொல்லைக்குள் இறங்கினார்கள்.

அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. பனித்துளி விழுந்து தூள் கருத்தது. எனக்கும் பயம்தான். பஸ்ஸில் என் முழங்கையில் விழுந்ததை நான் ஒருவன்தான் பார்த்தவன். ஆனால் அந்தக் கையை அப்படியே பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போய் ஒரு சிட்டிகை எடுத்து இடது கன்னத்தில் வைத்துக்கொண்டேன். மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை. பின்னாலிருந்து அக்கா வந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, மிச்சத்தைத் தரையில் கொட்டினாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார். கத்திக்குப் பயந்தவர், நீட்டிய கை காலியாகாமல் திரும்பியதற்கு அதைவிட அதிகம் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கள்ளக்குறிச்சியில் பார்த்துவிட்டு உடனே புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே, தாடை எலும்புவரை இறங்கிவிட்டது, கழுத்திலும் இருக்கிறது, கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். கரண்டு என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சை மட்டும் வைத்து அனுப்பினார்கள்.

வெட்டு முடிந்த பிறகு ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். சங்கராபுரத்திலிருந்து உள்ளே போகிற ஊர். கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாள். ஊட்டிய கஞ்சி கன்னத்து வழியாக வெளியே வந்தது. வாய் வழியாக இல்லை, கன்னத்தின் வழியாக. அங்கே தோல் ஓட்டையாகியிருந்தது. அவள் பழைய புடவைத் துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, அடுத்த ஸ்பூனை எடுத்தாள். ஈ வராமல் இருக்கக் கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. "பாரு, ஒருத்தருக்கு ரெண்டு வாய். அப்பவும் என்னிய ஒரு வார்த்த திட்ட முடியல இந்த ஆளால" என்றாள். அவர் கண் அவள் பக்கம் திரும்பியது. சிரித்தார் என்றே நான் வைத்துக்கொண்டேன். நான் அங்கே அதிக நேரம் இருக்கவில்லை. அடுத்த வெட்டு தொடங்குவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று லாரியில் போகும்போது யாரோ சொல்லித் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் புகையிலையை விட்டிருப்பேன் என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். விடவில்லை. பயந்த நேரத்தில் கை பழகிய இடத்துக்குத்தான் போகிறது. லாரியில் கண் விழிக்க, சாயப் பட்டறையில் நாற்றம் தெரியாமல் இருக்க, ஓசூரில் பசிக்கு. ஆளுக்கு ஒரு பொட்டலம் வந்துவிட்ட காலம். தடை வந்த பிறகு கடையில் இல்லை என்பார்கள், கேட்டால் உள்ளேயிருந்து வரும்.

தருமபுரியில் ஒரு சலூனில்தான் எனக்குத் தெரியவந்தது. சவரம் செய்கிற பையன் கத்தியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "கன்னத்த உப்புங்கண்ணே" என்றான். உப்பினேன். "உப்புங்கண்ணே" என்றான் மறுபடியும். நான் உப்பிக்கொண்டுதான் இருந்தேன். எதிரே கண்ணாடியில் வலது கன்னம் எழும்பியிருந்தது. இடது கன்னம் பலகை மாதிரி அப்படியே இருந்தது. அவன் விரலால் தோலை இழுத்து வைத்துக்கொண்டு வேலையை முடித்தான். அறைக்கு வந்து கதவைச் சாத்தி, செல்போன் விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். காய்ந்த பாலேடு மாதிரி ஒரு திட்டு. விரலால் சுரண்டினேன், போகவில்லை. துணியால் துடைத்தேன், போகவில்லை. வலி இல்லை. வலி இல்லை என்றதும் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரே யோசனை. அந்தப் பனிக் காலையில் எடுத்த சிட்டிகைதான் இது. எல்லோரும் விலகி நிற்க, நான் ஒருவன் மட்டும் எடுத்தேன் அல்லவா? அவர் விரல் பட்டது, அவர் எச்சில் பட்டிருக்கும், அது இத்தனை வருஷம் உள்ளே காத்திருந்து எழும்புகிறது. முட்டாள்தனம் என்று ஒரு பக்கம் தோன்றும். ஆனால் அதே இடது கன்னம் எப்படி வந்தது என்று மறுபக்கம் கேட்கும். மிளகாய் எரிந்தது. பன்னைக் கடிக்க முடியவில்லை. காது லேசாகக் குத்தினாலும் அன்று முழுவதும் செத்துப் பிழைப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டம்ளரைத் தள்ளி வைப்பார்கள்.

சுற்றிச் சுற்றிக் கடைசியில் சங்கராபுரத்திலேயே வந்து நின்றேன். ஒரு பாயின் அரிசி மண்டியில் மூட்டை அடுக்குகிற வேலை. மூன்று மாதம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த பாய் ஒரு நாள், "இன்னாப்பா நீ, சோத்த எண்ணி எண்ணித் துன்ற? வாய்ல இன்னா வச்சிக்கினு கீற?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் டம்ளரைத் தள்ளி வைக்கவில்லை. "இன்னிக்கே போ" என்றார். நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் அவர் மண்டியைத் திறக்காமல் ஸ்கூட்டரை எடுத்துவந்து நின்றார். "ஏறு. மண்டியத் தொறக்கணும், ஜல்தி" என்றார்.

கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "ஆ காட்டுங்கண்ணா" என்றார். காட்டினேன். "இன்னும்." அவ்வளவுதான் திறந்தது. விரலை அடுக்கி வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் தட்டுத் தடுமாறிப் போனது. உள்கன்னத்தைக் கையுறை விரலால் அழுத்திக்கொண்டே கேள்வி கேட்டார். எத்தனை வருஷமாக, பாக்கும் உண்டா, எந்தப் பக்கம் அதக்குவீர்கள்.

"துப்புவீங்களா, முழுங்குவீங்களா?"

"முழுங்குவேங்க. கரும்புக் கொல்லையில துப்பக்கூடாதுங்க."

அவர் கை நின்றது. "யாரு சொன்னா?" என்று கேட்டார். மேஸ்திரியைப் பற்றிச் சொன்னேன். தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. காது வலி, சுண்ணாம்பு, நீட்டிய கை, நான் எடுத்த சிட்டிகை, எல்லாம் சொன்னேன். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில், "அவர்கிட்டயிருந்து எனக்கு ஒட்டிக்கிச்சிங்களா டாக்டர்?" என்றேன்.

"ஒட்டாதுண்ணா. அவர் எச்சில்ல வரல. அவர் குடுத்த பொருள்ல வந்துச்சு, அதுக்கப்புறம் நீங்களே வாங்கிப் போட்டதுல வந்துச்சு. பாக்கு கன்னத்த இறுக்கும். புகையிலை புண்ண மாத்தும். எல்லாரும் இடது பக்கம்தான் அதக்கியிருப்பீங்க, வலது கையால எடுத்து வச்சா அந்தப் பக்கம்தான போகும். சாறும் அந்த ஒரு பக்கமே நிக்கும்."

உண்மைதான். வலது கையால் எடுக்கிறவன் இடது பக்கம்தான் அதக்குவான். செட்டு முழுவதும் இடது கன்னம்தான். எங்கள் செட்டில் அன்றைக்குத் தப்பித்த நிம்மதியோடு கொல்லைக்குள் இறங்கியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர்கள் எந்த ஊரில் எப்படி இருக்கிறார்களோ தெரியாது.

தொண்டையையும் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்தார். கன்னத்தில் மரக்க ஊசி போட்டு, திட்டிலிருந்து பருக்கை அளவு சதையை எடுத்து மருந்துப் புட்டியில் போட்டார்கள். கத்தி பட்டுவிட்டது. இனிப் பரவும் என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. முடிவு வருகிறவரை நான் ஊரை விட்டு ஓடாமல் இருந்ததற்கு நான் காரணமில்லை. பாய் தினமும் காலையில் மண்டி வாசலில் என்னைத் தேடினார், அவ்வளவுதான்.

முடிவு வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இன்னும் புற்றாக மாறவில்லை, மாறுகிற வழியில் இருக்கிறது என்றார். இன்றோடு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும், உயிர் இருக்கிற வரைக்கும். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கு அது வாசலில் கட்டிப்போட்ட நாயைப் போலத் தோன்றியது. எப்போது எழுந்து குரைக்கும் என்று பார்த்துக்கொண்டே குடித்தனம் செய்ய வேண்டும்.

வாய் விரிய ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார். ஐஸ் குச்சி மாதிரித் தட்டையான மரக்குச்சிகள். அடுக்காகப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பழகப் பழக நடுவில் இன்னொன்றைச் செருக வேண்டும். மண்டி திறக்கும் முன் மூட்டைமேல் உட்கார்ந்து அதைச் செய்கிறேன். தாடை எரியும், கண்ணில் நீர் வரும். மூட்டை இறக்க வருகிறவர்கள், "அண்ணன் ஐஸ துன்னுட்டுக் குச்சிய வுட மாட்டேன்றாரு" என்பார்கள். மாதக் கணக்கில் மெல்ல மெல்ல அடுக்கு உயர்ந்தது. ஒரு முழு இட்லியைப் பிய்க்காமல் கடித்த அன்று பாயிடம் போய்ச் சொன்னேன்.

இன்று காலையில் கடைசிக் குச்சி போகவில்லை. நேற்றுப் போனது. நனைந்து உப்பியிருக்கலாம். குளிருக்குத் தாடை இறுகியிருக்கலாம். நேற்று மூட்டை தூக்கியதில் கழுத்து பிடித்திருக்கலாம். ஒவ்வொன்றாகக் காரணம் வந்து வரிசையில் நின்றது. நானே மூன்று சொல்லிவிட்டேன். நாலாவதைத் தேடும்போது எங்கள் செட்டு சொன்ன காரணங்கள் ஞாபகம் வந்து, குச்சிகளைக் கீழே வைத்தேன். குறித்துக் கொடுத்த நாளுக்கு இன்னும் வாரங்கள் இருக்கின்றன. சட்டையை மாட்டிக்கொண்டு பாயிடம் சொன்னேன். "போய்ட்டு வா, லோடு நாளைக்கு வந்தா இன்னா" என்றார்.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. டாக்டர் "இன்னும்" என்று சொல்வார். அப்போது திறக்காமல் போனால்? உட்கார்ந்தபடியே வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா கூடையை மடியோடு இழுத்துக்கொண்டு, "வாந்தி வருதாப்பா?" என்று எழுந்தாள்.

"இல்லம்மா, நீங்க ஒக்காருங்க" என்றேன். "டாக்டர்கிட்ட வாயக் காட்டணும். பழகிக்கினு போறேன்."